வழக்கத்தைவிடக் குறைவாக

கைக்கணினி கேட்பதைத்தான் நானும் கேட்கிறேன்.
கடந்த ஏழு நாட்களில்
வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்ட நாட்கள் எத்தனை?

குலோபுக்குத் தெற்கே, பருத்திக்காட்டு ஓரத்தில்
இது ஆறாவது வீடு.
குல்அந்தோம் தரையில் பூப்போட்ட துணி விரிக்கிறாள்.
நடுவில் ஒரே ரொட்டி, முகம் மேலே பார்க்க.
கவிழ்த்து வைத்தால் வீட்டுக்கு ஆகாது.
பிட்டு, பெரிய துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு
அவள் கேட்கிறாள்:
வழக்கம் என்றால் எந்த வழக்கம், மவ்ஸூனா?
அவர் இருந்தபோதா, போன பிறகா?
பணம் வந்த மாதமா, வராத மாதமா?

அதற்கெல்லாம் இதில் கட்டம் இல்லை.

பூஜ்யம் போடு என்கிறாள்.
போன வருடமும் இதே பசிதான்.
குறையவும் இல்லை, கூடவும் இல்லை.
போட்டேன்.
திரையில் பச்சை விழுந்தது.

துஷான்பேயில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
சுவரில் உலகம், நாட்டுக்கு நாடு ஒரு நிறம்.
எங்களுடையது காய்ந்த ரத்தத்தின் நிறம்.
யாருடைய கோதுமை எல்லை தாண்டி வருகிறதோ,
யாருடைய சம்பளமும் எல்லை தாண்டி வருகிறதோ
அவர்கள் அடர் சிவப்பு என்றார் பயிற்சியாளர்.
எனக்கு நிறம் தேவைப்படவில்லை.
எங்கள் மாவு கசாக் வயலில் முளைக்கிறது.
எங்கள் காசு சமாராவில் பத்தாம் மாடிச் சாரத்தில் நிற்கிறது.
அங்கே ஒரு ரயில் பெட்டிக்குப் பூட்டு விழுந்தாலும்
இங்கே அடுப்பு அணையும்.
சாரத்தில் ஒரு கால் வழுக்கினாலும் அப்படித்தான்.

சைத்அக்பரின் கடை கணக்கெடுப்பில் இல்லை.
கடை வீடாகாதாம்.
போன குளிர்காலம்வரை ஐம்பது கிலோ மூட்டையாக விற்றவர்
இப்போது தேநீர்க் கிண்ணத்தால் அளக்கிறார்,
தலைதட்டி.
அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
திருப்பித் தருவார்கள் என்று நம்பும் பெயர்களைப் பென்சிலில் எழுதுவார்,
அழிக்க வசதியாக.
மற்றவர்களுக்குப் பேனா.
இந்த மாதம் விரல் முழுக்க மை.
துஷான்பேக்காரர்கள் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு
என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.
என் பெயர் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது,
நேற்றுகூட எட்டிப் பார்த்தேன்.

ஏழாவது வீட்டுக்கு நீலநிற இரும்புக் கதவு.
மகன் அனுப்பிய காசில் போட்டது.
கதவுக்கு மதிப்பெண் உண்டு, தொலைக்காட்சிக்கு உண்டு.
கால்நடை?
பசு ஒன்று, என்றாள் நோஸ்பிபி, கண்ணிமைக்காமல்.
முற்றத்தில் முளை இருந்தது.
முளையில் கயிறு இருந்தது.
கயிறு பாம்புச்சட்டை மாதிரி வெறுமனே கிடந்தது.
சாணம் காய்ந்து எப்போதோ மண்ணாகிவிட்டது.
நான் முளையைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
இரண்டு பேரும் பேசவில்லை.
ஒன்று என்று எழுதினேன்.
விதிப்படி, பதில் சொன்னவர் சொன்னதே பதில்.
இங்கும் பச்சை.

பிறகு துணி விரித்தாள்.
வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன்.
எங்கே, குல்அந்தோம் வீட்டிலா?
அவள் ரொட்டி இறங்கும், என்னுடையது இறங்காதோ?
சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல்
மென்றேன்.
துணியில் உதிர்ந்த பொருக்கை விரல்நுனியில் ஒற்றி
அவள் தன் வாயில் போட்டுக்கொண்டாள்,
பேச்சோடு பேச்சாக.

காலையிலிருந்து ஏழு வீடு, ஏழு துண்டு.
எந்த வீட்டிலும் எனக்காகச் சுட்ட ரொட்டி இல்லை.
அடுத்த மாதம் வேறொருத்தி வந்து
அதே ஏழு நாள் கேள்வியைக் கேட்பாள்.

படிவத்தின் கடைசியில் ஒரு பெட்டி: குறிப்புகள்.
நிரப்பாவிட்டாலும் படிவம் போய்விடும்.
இத்தனை நாள் நிரப்பியதும் இல்லை.
படிவத்துக்குத்தான் கூலி, எழுத்துக்கு இல்லை.

பாலத்தருகே போனால்தான் சிக்னல் கிடைக்கும்.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
கட்டைவிரலால் தட்டினேன்:

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டு ரொட்டி நான் தின்றேன்.
கழித்துக்கொள்ளவும்.